சீனப் பொருள் வேண்டும், சீனத் தொழில் வேண்டாமா?

பட்டம் பெறும் மாணவர்களே, உங்களில் பலர் நாளை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பட்டறைகளில் வேலைக்குச் சேரப்போகிறவர்கள். அதனால் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கும் சிக்கலுக்கே வந்துவிடுகிறேன்: சீனாவுடன் நாம் எப்படி வியாபாரம் செய்வது?

2020 ஏப்ரலில், சீனா உள்ளிட்ட, நம் எல்லையை ஒட்டிய நாடுகளின் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயமானது. ஜூனில் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். கோபம் நியாயமானதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019-20இல் சீனாவிலிருந்து நாம் இறக்குமதி செய்தது சுமார் 6,500 கோடி டாலருக்கு. 2024-25இல் அது 11,300 கோடி டாலரைத் தாண்டியது; நம் ஏற்றுமதியோ 1,400 கோடியை ஒட்டியே நின்றது. சரக்கு தாராளமாக வந்தது, தொழிற்சாலைதான் அனுமதிக்குக் காத்துக் கிடந்தது. இது தலைகீழான கொள்கை என்பது என் கருத்து. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்தக் கொள்கைக்கு நாம் கொடுக்கும் விலை தெரிந்தது. மின்வாகன மோட்டாரின் காந்தம் சூட்டில் வலு இழக்காமலிருக்க அதில் அந்தத் தனிமங்களில் ஒன்றான டிஸ்ப்ரோசியத்தைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அந்தக் கொஞ்சத்துக்காக நம் வாகனத் தொழிலே கையைப் பிசைந்தது.

சீனத் தொழிற்சாலையை அனுமதித்தால் பாதுகாப்பு என்னாவது என்பார்கள். தொலைத்தொடர்பு, ராணுவத் தளவாடம் இரண்டிலும் கதவு மூடியே இருக்கட்டும். பொம்மைக்கும் பேட்டரிக்கும் அதே பூட்டு எதற்கு? சிறுதொழில் நசுங்கிவிடும் என்பார்கள். தயாராகி வந்து இறங்கும் பொருள்தான் இன்று அதை நசுக்குகிறது. இங்கேயே தொடங்கும் கூட்டுத் தொழிற்சாலையோ, நிபந்தனை போட்டால், உதிரிபாகத்தை அம்பத்தூரில் வாங்கும். சீனா தொழில்நுட்பத்தைத் தராது என்பது மூன்றாவது வாதம். அதில் உண்மை உண்டு. சும்மா யாரும் தரமாட்டார்கள். வெளிநாட்டுக் கார் நிறுவனங்களைப் பல்லாண்டுகள் பாதிப் பங்குக்கு மேல் வைத்திருக்க விடாமல், கூட்டுத் தொழில் வழியாகக் கற்றுக்கொண்ட நாடுதான் சீனா. நம்மிடம் சந்தை இருக்கிறது, பேரம் பேசலாம். நாமும் இப்படிக் கற்றதுண்டு: ஆவடியில் பிரிட்டிஷ் வடிவமைப்பில் விஜயந்தா டாங்கியும், பிறகு சோவியத் உரிமத்தில் டி-72உம் செய்தோம். அதன் பின் நம் அர்ஜுன் டாங்கி வந்தது. அதன் என்ஜின் இன்னும் ஜெர்மன் என்ஜின்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வரைபடம் கையில் இருப்பதும் நுட்பம் கைவருவதும் ஒன்றல்ல.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பட்டறையில் சீன இயந்திரம் வந்து இறங்கினால், ஓட்டக் கற்றதோடு நிற்காதீர்கள். பழுதுபார்க்கும் பயிற்சியையும் வரைபடத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள்.