கமகம் என்ற சொல்

பல ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், கமகம் எண்டால் என்ன?" என்று கேட்டான். "குரல் நடுக்கம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அந்தக் குறிப்பைத் திருத்தவே இன்று இங்கு வந்திருக்கிறேன்.

கமகம் வடசொல். 'செல்லுதல்' என்னும் பொருள் தரும் வினையடியிற் பிறந்தது. ஒரு சுரம் தன் இடத்திலே விறைத்து நில்லாமல் அயற்சுரத்தின் பக்கம் சென்று தொட்டு மீள்வதைக் குறிக்கும். கமகமவென்று மணப்பதற்கும் இதற்கும் உறவில்லை. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்நாகரம் கமகங்களைப் 15 வகையாகக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று கம்பிதம். நடுக்கம், அசைவு என்னும் பொருள் அதற்குத்தான் உரியது. ஒரு கொப்பைக் காட்டி இதுதான் மரம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

நமது இலக்கியத்தில் இது இல்லையா என்று கேட்பீர்கள். சிலப்பதிகாரக் கானல்வரியில், மாதவி யாழைச் சோதித்துக் கோவலன் கையிற் கொடுக்குமுன், வார்தல், உந்தல், உருட்டல் முதலிய எட்டு இசைக்கரணங்கள் பேசப்படுகின்றன. அவை நரம்பின்மேல் விரல் செய்யும் தொழில்கள். அவையே கமகம் என்று சாதிப்பாரும் உளர். 1947இல் யாழ் நூலைத் தந்த விபுலாநந்த அடிகளின் நாட்டவர் நாம்; சற்று நிதானிக்கலாம்.

என்னைத் திருத்தியது நூல் அல்ல. எங்கள் பகுதியில் வாழ்ந்த முதிய நாதஸ்வரக் கலைஞர் ஒருவர். ஒருநாள் மாலை, கடற்கரையை அடுத்த கோயில் வீதியில் அவரோடு பேசிக்கொண்டிருக்கையில், நடுக்கம் என்ற என் விளக்கத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"மாஸ்டர், நடுக்கம் வயசு போனால் தன்பாட்டிலை வரும். கமகம் தெரிஞ்சு செய்யிறதெல்லோ."

பிறகு வாத்தியத்தை எடுத்துத் தோடியின் காந்தாரத்தை அசைவில்லாமல் ஊதினார். அது என்ன இராகம் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்து, துளையில் விரலைப் பாதி எடுத்தும் மூச்சை ஏற்றி இறக்கியும் அதே சுரத்தை அசைத்தார். அந்த ஒரு சுரத்திலேயே தோடி வந்துவிட்டது. கடலிலே நின்ற வள்ளத்தைக் காட்டினார்.

"ஆடுது, பாருங்கோ. ஆனால் நங்கூரத்தை விட்டுப் போகேல்லை."

ஆர்மோனியத்தால் இது ஆகாது. கட்டையை அழுத்தினால் ஒரே ஒலிதான். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்தமைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. எங்கள் இசை நாடகக்காரரோ அதைக் கைவிடவில்லை. ஆர்மோனியம் இல்லாமல் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தை நினைக்க முடியுமா? பெட்டி தராத அசைவைப் பாடுவோரின் தொண்டை தந்தது.

இப்போது வகுப்பில் யாராவது கேட்டால் தோடி ஆலாபனை ஒன்றை ஒலிக்கவிட்டுக் கையால் அசைத்துக் காட்டுகிறேன். அந்தப் பெரியவர் இன்று இல்லை. முதலிற் கேட்ட மாணவன் வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. அவன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தக் குறிப்பேடும் இன்னும் கைவசம் இருந்தால், அந்த வரியை வெட்டிவிடட்டும்.