மிளகாய் விதைக்கு வேண்டிய வெதுவெதுப்பு

வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், ஊருக்குச் சென்று திரும்பும்போது ஒரு சிறு பொட்டலத்தில் மிளகாய் விதை கொண்டுவருவோர் உண்டு. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயாக இருக்கலாம். நாஞ்சில் நாட்டுக் காந்தாரியாக இருக்கலாம். அந்த மணமும் காரமும் தில்லிச் சந்தையில் எளிதில் அகப்படா. தைக் குளிரில் அவ்விதையைத் தொட்டியில் தூவி, நாள்தோறும் நீர் தெளித்துக் காத்திருக்கிறோம். மூன்று வாரமாகியும் முளை காணாதபோது, விதை பழுது என்றோ, இந்த மண் ஒவ்வாது என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். நல்ல விதையும் இவ்வாறு வீணாவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் வெப்பக் குறைவே.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளில் தோன்றி, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டை அடைந்த பயிர். பிறந்த இடத்தின் இயல்பை அதன் விதை இன்னும் மறக்கவில்லை. மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால், நல்ல விதை பத்து நாட்களுக்குள் முளைக்கத் தொடங்கும். 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். 15 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் முளைக்காமலே கிடந்து, ஈரத்தில் அழுகிப்போகும். 35 டிகிரியைத் தாண்டினாலும் முளைப்புக் குன்றும். காந்தாரி போன்ற சில வகைகளுக்கு இன்னும் சில நாட்கள் கூடுதலாக வேண்டும். தில்லியிலோ ஜனவரி மாதப் பின்னிரவில் வெளிவெப்பம் பல நாட்களில் 8 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

வெயில் காலம் வரும்வரை பொறுத்தால் என்ன என்று கேட்கலாம். மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 டிகிரியைக் கடக்கும்போது மிளகாய்ப் பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். நாற்று வளரவோ ஆறு ஏழு வாரங்கள் வேண்டும். ஆகவே, ஜனவரி நடுவில் வீட்டினுள் விதைத்து, மார்ச் தொடக்கத்தில் வெளியே நடுவதே தக்க முறை.

இங்கு வேண்டுவது மண்ணின் வெப்பம்; அறையின் வெப்பமன்று. மண்பானையில் ஊற்றிய நீர் ஏன் குளிர்கிறது? பானையின் வெளிப்புறத்தில் கசியும் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டுபோகிறது. ஈரமான மண்தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. அறையில் ஹீட்டர் எரிந்தாலும் தொட்டி மண் குளிர்ந்தே இருக்கக்கூடும். எனவே, விதை முளைக்கும்வரை மண்தொட்டியை விடுத்து, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டைக் கொள்ளலாம். தேங்காய் நார்க்கழிவும் மணலும் கலந்து நிரப்பி, விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, வெதுவெதுப்பான நீர் தெளித்து, மேலே பாலிதீன் தாளால் மூடவேண்டும். கையில் பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமே போதும்.

தட்டை எங்கே வைப்பது? இதற்கு விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் தோசை மாவு எந்த மூலையில் வைத்தால் ஒரே இரவில் பொங்குகிறதோ, அந்த மூலை மிளகாய் விதைக்கும் ஏற்றது. சில வீடுகளில் அது பிரிட்ஜின் மேற்புறமாக இருக்கும். சில வீடுகளில் அடுப்புக்கு அண்டையிலுள்ள அலமாரியாக இருக்கும். அத்தகைய மூலை இல்லாதவர், ஒரு மரப்பெட்டியினுள் 15 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, அதற்குச் சற்று விலகித் தட்டை வைக்கலாம். எல்.இ.டி. விளக்கு போதிய வெப்பம் தராது. பல்பின் மீது துணியோ தாளோ படக்கூடாது. நீர் தெளிக்குமுன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்குப் பயன்படாது. மண்ணில் செருகிப் பார்க்கத்தக்க ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. மூடிய தட்டை வெயிலில் மட்டும் வைக்கலாகாது. உள்ளே சூடு அடைபட்டு விதை வெந்துபோகும்.

முதல் முளை தலைகாட்டியதும் தாளை நீக்கி, தட்டை வெளிச்சத்திற்கு மாற்றவேண்டும். அதுவரை வெப்பம் தேடிய பயிர், இனி ஒளி தேடும். இருளில் நிறுத்தினால் நாற்று வெளுத்து நீண்டு சாயும். ஈரம் மிகுந்தால் அடித்தண்டு அழுகும். பகலில் வெயில் படும் சன்னலருகே வைத்து, இரவில் உள்ளே நகர்த்திவிடலாம்.

இறுதியாக ஒன்று. ஊரிலிருந்து கொண்டுவந்த விதை முழுவதையும் ஒரே நாளில் மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டாம். பாதியை ஈரம் புகாத புட்டியில் இட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு ஆண்டுகளேனும் முளைப்புத் திறன் இருக்கும். முதலில் பத்து விதைகளை முளைக்கவிட்டுப் பாருங்கள். ஏழு எட்டு முளைத்தால் விதையும் நன்று, நீங்கள் தேர்ந்த மூலையும் நன்று என்று துணிந்து, மற்றவற்றை விதைக்கலாம்.