கடாரத்தின் கரைகாட்டி மலை

மலேசியாவின் கெடா மாநிலத்துத் திகாம் பத்து ஊரிலிருந்து நோக்குவோருக்குத் தெரியும் ஜெராய் மலை, ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் சமவெளியிலிருந்து தனித்து எழுவதால், மலாக்கா நீரிணை வழியே வந்த பழங்கால மரக்கலங்களுக்குக் கரைகாட்டும் அடையாளமாக விளங்கியது. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கிய கடாரம் இம்மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்குப் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. உச்சியைத் தொட்டதும் திரும்பிவிடும் மலையேறிகள், அப்பள்ளத்தாக்கின் மெர்போக்கிலுள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியை, அதாவது சிவன் கோயிலாகக் கருதப்படும் கருங்கல் அடித்தளத்தை, காணாது போவது பேரிழப்பாகும். வெப்பமண்டலக் காட்டில் பிற்பகல் இடிமழை வழக்கமாதலால் விடியலிலேயே ஏறத் தொடங்குவதும், அட்டைக்கடியைத் தவிர்க்க நீண்ட காலுறை அணிவதும், மலைமேல் மழை கனத்தால் ஓடைகளில் வெள்ளம் திடீரெனப் பெருகும் என்பதால் மலையடிவாரத்துத் துப்பா அருவியில் நீர் கலங்கிய உடனே கரையேறுவதும் இன்றியமையாதன.