ஞாயிற்றுக்கிழமை கோஷ்டியும் நம் வார்டும்

(சங்கத்தின் குடும்ப விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்கள் சார், பாலிடிக்ஸ் மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பேசப்போவது பாலிடிக்ஸ்தான். ஆனால் எந்தக் கட்சியின் பெயரும் என் வாயில் வராது. அதனால் அவர் நிம்மதியாக உட்காரலாம். பின்னால் கேசரி தயாராக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், நீட்டிக்க மாட்டேன்.

நம் குடியிருப்பிலிருந்து எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாக்கிங் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறோம். மூன்று சுற்று நடப்போம், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவோம், பிறகு ரவா தோசை, காபி. நடந்து கரைத்ததைவிடச் சாப்பிட்டது அதிகம் என்று என் மனைவி கணக்குப் போட்டுச் சொல்வாள். வங்கியில் வேலை பார்த்தது நான். கணக்கில் கெட்டிக்காரி அவள்.

அந்தப் பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ். அமிர்தாஞ்சன் தைலத்தைக் கொண்டுவந்தவர், 'ஆந்திர பத்ரிகா' நடத்தியவர், சுதந்திரப் போராட்ட வீரர். தலைவலித் தைலம் தந்தவர் பெயரில் உள்ள இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் உலகத் தலைவலி எல்லாவற்றையும் பேசித் தீர்ப்போம். டெல்லியில் யார் மந்திரி, அமெரிக்காவில் யாருக்கு விசா கிடைக்காது, ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்குமா, எல்லாம் அங்கே முடிவாகும். பக்கத்து பெஞ்சில் சதுரங்கம் ஓடும். சில ஞாயிறுகளில் சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமல் கச்சேரி செய்வார்கள். அன்று மட்டும் எங்கள் குரல் கொஞ்சம் இறங்கும்.

ஒரு ஞாயிறு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நம் வார்டு எண் என்ன, கவுன்சிலர் பெயர் என்ன?" எட்டுப் பேரில் பதில் தெரிந்தது இரண்டு பேருக்கு. அமெரிக்க செனட்டர்கள் பெயரை வரிசையாகச் சொல்லும் நண்பர் ஒருவர், "அதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போறது?" என்றார். இன்று உங்களிடம் பேச வந்ததே அவருடைய அந்தக் கேள்விக்காகத்தான்.

நாங்கள் உட்காரும் பூங்கா மாநகராட்சியுடையது. அது காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும், கழிவறையில் தண்ணீர் வருமா, உடைந்த பெஞ்சை யார் மாற்றுவார்கள் என்பதையெல்லாம் டெல்லியில் யாரும் முடிவு செய்வதில்லை. நம் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, அதில் பெரும்பகுதி வார்டு சமாசாரம்தான். பேரனைக் கூட்டிக்கொண்டு போகும் நடைபாதை, கொசு மருந்து, தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாமே அப்படித்தான்.

அப்படியிருந்தும் நமக்கு இது ஏன் இவ்வளவு தூரமாகப் போனது? அசட்டை என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு வேறு ஒரு காரணம் தோன்றுகிறது. சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் 1973 டிசம்பரில், மஸ்டர் ரோல் ஊழல் புகாரைத் தொடர்ந்து, மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். நடுவில் 23 வருடம் இந்த ஊருக்குக் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். என் வயதுக்காரர்கள் யோசித்துப் பாருங்கள். அப்போது 21 வயதில்தான் ஓட்டு. எம்.எல்.ஏ.வுக்குப் போட்டோம், எம்.பி.க்குப் போட்டோம். கவுன்சிலருக்கு முதல் ஓட்டுப் போட்டபோது எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது, பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது. 2016இல் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி ஐந்து வருடத்துக்கு மேல் இடைவெளி. 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல். ஆக, கலைத்த நாளிலிருந்து 2022 வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டில், ஐந்தே முறை. பாஸ்புக்கில் இருபது வருடம் வரவு செலவு இல்லை என்றால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். செயலற்ற கணக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிடுவோம். கணக்கு இருக்கும், பணமும் இருக்கும். ஆனால் வைத்திருப்பவருக்கே அது நினைவில் இருக்காது.

2022 தேர்தல் நாள் பிப்ரவரி 19, சனிக்கிழமை. மாநிலம் முழுவதும் சேர்த்துச் சுமார் 60 சதவீதம் ஓட்டு. கரூர் மாநகராட்சியில் 75 சதவீதத்துக்கும் மேல். சென்னையில் 43 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தமிழ்நாட்டு மாநகராட்சிகளிலேயே கடைசி. அந்த வருடம் ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. நகரின் பழைய பகுதியில் 600 சதுர அடிக்குள் இருந்தால் 50 சதவீதம் கூடுதல், 1200 வரை 75, 1800 வரை 100, அதற்கும் மேலே 150. அன்றைக்கு நம் வாட்ஸ்அப் குழு எப்படிக் கொதித்தது என்று நினைவிருக்கும். பிப்ரவரியில் அந்தக் குழுவில் வந்தது பெரும்பாலும் மகாபலிபுரம் போன படங்கள்.

வங்கிக் கவுன்ட்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், பாதிச் சண்டை தப்பான கவுன்ட்டருக்கு வருவதால்தான். டிராஃப்ட் எடுக்க வேண்டியவர் டெபாசிட் வரிசையில் அரை மணி நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் கத்துவார். ஊர் விஷயத்திலும் அதே கதை. தெருவிளக்கு மாநகராட்சி, வீட்டுக் கரண்ட் மின்வாரியம். மழைநீர் வடிகால் மாநகராட்சி; குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம். அது 1978இல் தனியாக வந்த அமைப்பு, கவுன்சிலரின் கீழ் இல்லை. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் போக்குவரத்தை மாற்றிவிட்டதற்குக் கவுன்சிலரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. மாநகராட்சிக்கு 1913, குடிநீர் வாரியத்துக்கு 4567 4567, மின்வாரியத்துக்கு 94987 94987. இந்த மூன்றையும் லிஃப்டுக்குள் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இப்போது அங்கே பீட்சா விளம்பரம் இருக்கிறது.

போன வருடம் நம் குடியிருப்பு மாமி ஒருவர் பக்கத்துச் சந்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். ஏதோ ஒரு லாரி ஏறி, கால்வாய் மூடி உடைந்திருந்தது. நம் குழுவில் பதினான்கு புகைப்படங்கள் வந்தன. மூன்று நாள் விவாதம்: அது மழைநீர் வடிகாலா, கழிவுநீர்க் குழியா? இன்ஜினியர்கள் ஆளுக்கு ஒரு கருத்து சொன்னார்கள். இதற்கிடையில் வாட்ச்மேன் ஒரு உடைந்த நாற்காலியை அதில் செருகி, மேலே வேப்பங்கிளை ஒன்றைக் கட்டிவைத்தார். அந்த மூன்று நாளில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். நான்காம் நாள் இஸ்திரி வண்டிக்காரர் ஒரே பார்வையில் சொன்னார், "மழைத் தண்ணி போற கால்வா சார், கார்ப்பரேஷன்தான்." அவர் சொன்னபடியே புகார் கொடுத்தோம், மூடி வந்தது. மாமிக்கு அந்தக் கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. கோலம் போடுவதை மருமகளிடம் விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நான் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போனேன். கிராம சபை தெரியும், பகுதி சபை என்றால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். 1992இல் செய்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், பெரிய நகரங்களில் வார்டு குழுக்கள் இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கு 2022இல்தான் விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1ஆம் தேதி முதல் கூட்டங்கள் நடந்தன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்களைக் கூட்டுகிறார்கள். தலைமை கவுன்சிலர். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர்தான். யாரும் அழைப்பிதழ் வைக்க வேண்டியதில்லை.

நான் போன கூட்டத்தில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். 96 வீடு கொண்ட நம் குடியிருப்பிலிருந்து, என்னைச் சேர்த்து, இரண்டு பேர். பின்தெரு வாரியக் குடியிருப்பிலிருந்து பதினோரு பெண்கள். அவர்கள் கையில் ஒரே தாள். ஒரே கோரிக்கை: சந்து முனையில் விளக்கு எரியவில்லை, டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் இருட்டில் வருகிறார்கள். கம்பத்தின் எண், எந்த மாதத்திலிருந்து எரியவில்லை, பதினோரு கையெழுத்து. இரண்டு நிமிடத்தில் பேசி முடித்து, தாளைக் கொடுத்து, நகலில் கையொப்பமும் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் விளக்கு எரிந்தது. அந்த வழியாகத்தான் நம் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

பக்கத்து அடுக்குமாடியிலிருந்து வந்த ஒருவரும் பேசினார். பதினைந்து நிமிடம். சிங்கப்பூரில் ஆரம்பித்து, மக்களுக்கு ஒழுக்கம் இல்லை என்று முடித்தார். நல்ல தமிழ், நல்ல குரல். ஆனால் அதிகாரி நோட்டில் என்ன எழுதிக்கொள்வது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தார்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்களில் ஒருவர் என்னிடம் கேட்டார், "என்ன சார், உங்க பில்டிங்ல இருந்தெல்லாம் வரமாட்டாங்களே? உங்களுக்கு ஜெனரேட்டர் இருக்கு, லாரித் தண்ணி இருக்கு." கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கு அது பல நாள் காதில் இருந்தது. பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம், லாரித் தண்ணீர் வாங்குகிறோம், செக்யூரிட்டி வைத்திருக்கிறோம். இதற்குள் வாழ்ந்து வாழ்ந்து, வாசல் கேட்டுக்கு வெளியே இருப்பது வேறு யாருடையதோ என்று ஆகிவிட்டது. மாமி விழுந்தது கேட்டிலிருந்து முப்பது அடி தள்ளி.

"அங்கே போனால் கட்சிக்காரர்கள்தான் இருப்பார்கள்" என்று சிலர் சொல்கிறீர்கள். இருப்பார்கள்தான். நாம் போகாவிட்டால் அவர்கள் மட்டும் இருப்பார்கள். "வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் எங்கே?" என்பது நியாயமான கேள்வி, இளையவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓய்வு பெற்றவர்கள் மட்டும் இந்தக் குடியிருப்பில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். எங்களுக்கு நேரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

எங்கள் ஞாயிறு கோஷ்டி இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. பூங்காவிலிருந்து திரும்பும்போது நேர்வழியில் வருவதில்லை. சந்து சந்தாகச் சுற்றி வருகிறோம். எரியாத விளக்கு, பெயர்ந்த நடைபாதைக் கல், அடைத்துக்கொண்ட வடிகால், எது கண்ணில் பட்டாலும் இடம், கம்பத்தின் எண், தேதியோடு ஒருவர் நோட்டில் எழுதுகிறார். அந்த நண்பர்தான், செனட்டர் பெயர்களெல்லாம் தெரிந்தவர். கையெழுத்து அழகு என்பதால் அவரையே பிடித்துப் போட்டோம். போன மாதம் பதினேழு எழுதினோம். ஒன்பது சரியாகிவிட்டன. மீதி எட்டையும் ஒரே மனுவில் திணிக்காமல், அவசரமான இரண்டை மட்டும் அடுத்த பகுதி சபைக்கு எடுத்துப் போகிறோம். ஒன்று, பள்ளிக்கூட வாசல் நடைபாதை. இன்னொன்று, ஒவ்வொரு மழைக்கும் நம் கிழக்குச் சுவரோரம் முழங்கால் அளவு தேங்கும் தண்ணீர்.

மனு இரண்டும் வாட்ச்மேன் மேஜையில், நீல அட்டையில் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலில் உள்ளபடி பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கூட்டத் தேதி தெரிந்ததும் அறிவிப்புப் பலகையில் போடுகிறோம். வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும் என்பதால் பலகையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு நடக்க வருகிறவர்கள் ஆறு மணிக்குக் கேட்டில் இருக்க வேண்டும். காபி என் செலவு, ரவா தோசை அவரவர் செலவு.

கேசரி ஆறுகிறது, வாருங்கள்.