புத்தகத்துக்கும் இஸ்னாத் கேட்போம்
(கல்வி உதவி வழங்கும் நிகழ்வில், வில்லியனூரில் செயலாளர் ஆற்றிய உரை)



முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். போன வருடம் வில்லியனூர், பாகூர் பிள்ளைகளுக்காக நீங்கள் தந்த சதக்கா பணத்தில், அப்துல் கலாம் அவர்களின் ‘அக்னிச் சிறகுகள்’ 30 பிரதி ஆன்லைனில் வாங்கினோம். பாதி விலை என்றதும் மயங்கிவிட்டோம். வந்தது திருட்டு அச்சு. எழுத்தெல்லாம் மங்கல். பாகூர்ப் பிள்ளை ஒருத்தி, “மாமா, 48க்கு அப்புறம் 65 வருது” என்று கொண்டுவந்து காட்டினாள். ஒரு ஃபாரமே, 16 பக்கம், காணோம்! விற்றவரிடமிருந்து பணம் திரும்பவில்லை. நிர்வாகிகள் நாங்களே கைப்பணம் போட்டுக் கணக்கை நேர்செய்துவிட்டோம்.

நமக்கு இது புதிய பாடமா? மதரஸாவில் ஹதீஸ் ஓதிய நாட்களில் உஸ்தாத் முதலில் கேட்கச் சொன்னது இஸ்னாத்தைத்தான். யார் சொன்னார், யாரிடம் கேட்டார்? கல்விக்காகச் சீனம் வரை போகச் சொல்லும் செய்தியை நாங்களே எத்தனை மேடையில் சொல்லியிருப்போம்! இமாம் இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்திருக்கிறார். கருத்து நல்லது என்பதற்காக அவர் விட்டுவிடவில்லை.

புத்தகத்திடமும் அதையே கேளுங்கள். எழுதியவர், மொழிபெயர்த்தவர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் உள்ள பக்கத்தின் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ்.பி.என். எண் 13 இலக்கம். இந்தியப் பதிப்பானால் பெரும்பாலும் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். எண் இருந்தால் மட்டும் போதாது, திருடர் அதையும் சேர்த்தே அச்சடிப்பார். பதிப்பகத்துக்கே போன் போட்டு விலை கேளுங்கள், பாதி விலையின் சங்கதி தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் குர்ஆன் தர்ஜுமா பிடிஎஃபில் மொழிபெயர்த்தவர் பெயர் இல்லையா? யாருக்கும் அனுப்பாமல், நம் ஆலிம்களிடம் காட்டுங்கள்.

காசில்லாமலும் நல்ல நூல் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் மதுரைத் திட்டத்தில் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் மின்னூலகம் அது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையான நூல்கள் கிடைக்கும். தாளில்தான் படிப்போம் என்கிற எங்களைப் போன்றவர்களுக்குப் புதுவையில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது.

இம்முறை 30 பிரதிகளையும் பதிப்பகத்திடமே வாங்கியிருக்கிறோம். பழையதைக் கொண்டுவந்த பிள்ளைகள் வாசல் மேசையில் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பிரதி, பக்க எண் பார்த்த அந்தப் பிள்ளைக்கு. வஸ்ஸலாம்.