பவளக் கல்லும் யுகக் கணக்கும்



சென்ற கூட்டத்தின் முடிவில் ஒரு பெரியவர் எழுந்து, "புராணத்தில் லட்சம் வருஷம் என்றால் புளுகு என்கிறீர்கள், சயன்ஸ்காரர் ஒரு கல்லைக் காட்டி லட்சம் வருஷம் என்றால் மாத்திரம் நம்புகிறீர்களே, இதென்ன நியாயம்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அன்று நேரமில்லாததால் இன்று பதில் சொல்லுகிறோம்.

மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோஸ் என்று ஒரு தீவு. அதன் பெரும்பாகம் பழைய பவளப் பாறை. கடலில் வளர்ந்த பாறை, தரை மெல்ல உயர உயரப் படிக்கட்டு போல் மேலெழுந்து நிற்கிறது.

பவளப் பூச்சி கூடு கட்டுவது அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் பொருளால். அது கரையேறி மழைத் தண்ணீர் பட்டதும் தொல்லை ஆரம்பிக்கிறது. மழை நீர் ஆகாயத்திலும், அதைவிட அதிகமாக வேர் ஓடிய மண்ணிலும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. கடைச் சோடாவில் இருப்பதும் அதே வாயுதான். அந்த நீர் அரகோனைட்டைக் கரைக்கிறது; கரைந்தது பக்கத்துத் துவாரங்களில் கால்சைட் என்ற வேறு படிகமாகப் படிகிறது. சரக்கு ஒன்றே, கட்டு வேறு. பழைய கூட்டிலிருந்த ஸ்ட்ரான்ஷியம் பெரும்பாலும் நீரோடு போய்விடும், யுரேனியமும் கலையும். ஆனால் பவளத்தின் வரியும் கண்ணும் பல இடங்களில் பழையபடியே தெரியும்! உள்ளே சரக்கு மாறியும் வேஷம் மாறாத ஆசாமிகளை நாம் பார்த்ததில்லையா?

இதற்கும் வயதுக்கும் என்ன சம்பந்தமென்றால், கூட்டிலுள்ள யுரேனியம் ஒரே கணக்கான வேகத்தில் சிதைந்து தோரியமாகிறது. நாழிகை வட்டிலில் நீர் அளப்பது போல், சேர்ந்த தோரியத்தை அளந்தால் வயது தெரியும். மழை நீர் உள்ளே புகுந்து கலைத்திருந்தாலோ கணக்கு பொய். ஆகையால் துண்டை முதலில் எக்ஸ்ரே கொண்டு சோதித்து, கால்சைட் ஏறியிருந்தால் தள்ளிவிடுகிறார்கள். இவ்விதம் கீழ்ப்படிகள் மூன்றுக்கு உத்தேசம் 82,000, 1,03,000, 1,22,000 வருஷம் என்று 1968-ல் கணக்கு வெளியாயிற்று. அதோடு விட்டார்களா? பின்னால் நுட்பமான கருவிகள் வந்ததும் மறுபடி அளந்தார்கள். கால்சைட் இல்லாத சில துண்டுகளிலும் யுரேனியம் கலைந்திருக்கக் கண்டு அவற்றையும் ஒதுக்கினார்கள்.

நிற்க, திரேதா யுகம் 12,96,000 வருஷம் என்கிறார்கள் வைதிகர்கள். அதற்கு அளந்த பொருள் எது? கெட்டுப்போன சாட்சி என்று அவர்கள் தள்ளியது எத்தனை? அந்தப் பெரியவர் இன்றும் முன்வரிசையில் இருக்கிறார். மேடைக்கு வந்து சொல்லட்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்கத் தயார்.