அப்பாவின் மணிக்கூட்டுக்குப் புதுப் பட்டி



இன்றைக்கு நான் பேசவிருப்பது ஒரு சின்ன விடயம். விலை கூடிய கைக்கடிகாரம் ஒன்றின் பட்டியை வீட்டிலேயே மாற்றுவது எப்படி? இதற்கும் ஒரு உரையா என்று சிரிக்க வேண்டாம். எங்கள் வீடுகள் பலவற்றில் அலுமாரிக்குள் ஒரு நல்ல மணிக்கூடு தூங்கிக்கொண்டிருக்கின்றது. அப்பாவுடையதாக இருக்கும், அல்லது மாமாவுடையதாக இருக்கும். பட்டி அறுந்துபோனபடியால் ஒருவரும் கட்டுவதில்லை. கடையில் கொடுக்கவும் பயம், நாங்களே தொடவும் பயம்.

என்னிடம் இருப்பது அப்பாவின் ஒமேகா. அவர் இலங்கையில் புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். யாழ்தேவி வந்து போவதை அந்த மணிக்கூட்டைப் பார்த்துத்தான் எழுதிவைப்பார். 1985இல் நான் வெளிக்கிட்டபோது தன்ரை கையிலிருந்து கழற்றி என்ரை கையில் கட்டிவிட்டார். “காசு முட்டுப்பட்டா வித்துப்போடு தம்பி” என்றார். முட்டுப்பட்டது உண்மை, விற்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கடையில் அதற்குப் புதுத் தோல்பட்டி போடுவித்தேன். பட்டி புதியது, ஆனால் பட்டியைத் தாங்கும் கம்பி பழையது. அது எனக்குத் தெரியாது. பெப்ரவரி மாதக் குளிரில் கோட்-டெ-நேஜ் வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது மணி பார்க்கக் கையைத் திருப்பினேன். மணிக்கூட்டைக் காணவில்லை. வந்த வழியெல்லாம் பனியைக் காலால் கிளறிக்கொண்டு திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றினால் அதற்குள்ளிருந்து விழுகிறது! துருப்பிடித்த கம்பி நடுவில் முறிந்திருந்தது. அன்றைக்கே இந்த வேலையை நானே பழகுவதென்று முடிவெடுத்தேன்.

மணிக்கூட்டின் உடலிலிருந்து மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சோடிக் கொம்புக்கும் இடையில் மெல்லிய குழாய் போன்ற கம்பி ஒன்று இருக்கின்றது. அதன் உள்ளே ஒரு சுருள்வில். வில் இரண்டு முனைகளையும் வெளியே தள்ள, அவை கொம்பின் உட்புறத் துளைகளில் போய் இருக்கின்றன. முதலாம் உலகப் போர்க்காலத்து மணிக்கூடுகள் பலவற்றில் கம்பியை உடலோடு ஒட்டிவிட்டிருந்தார்கள். அதில் பட்டியைக் கழற்றுவது பெரும்பாடு, ஆனால் கம்பி கழன்று விழாது. இன்றைக்கு ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான மணிக்கூடும் சில டொலர் பெறுமதியான இந்தக் கம்பிகளில்தான் தொங்குகின்றது. ஆகவே பட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் கம்பியையும் மாற்றுங்கள். இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

முதலில் அளவு. இரண்டு கொம்புகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். அப்பாவின் ஒமேகாவில் 18. இந்தக் காலத்துப் பெரிய மணிக்கூடுகளில் 20, 21, 22 என்று வரும். 19 உள்ளதற்கு 20 பட்டியை நெருக்கிப் போட்டால் தோல் மடியும். 18 போட்டால் பட்டி அங்குமிங்கும் ஆடிக் கம்பியைத் தேய்க்கும். கம்பியின் தடிப்பும் ஒரேமாதிரி இல்லை. றோலெக்ஸ் சப்மரைனர் போன்றவற்றுக்குத் தடித்த கம்பி வேண்டும்.

கடையில் பிரெஞ்சில் கேட்பதென்றால் பட்டிக்கு ‘பிராஸ்லே’, கம்பிக்கு ‘பரெட் ஆ ரெசோர்’. நான் முதன்முறை போனபோது ‘பிராஸ்லே’ என்றால் பெண்களின் கைச்சங்கிலிதான் என்று நினைத்துக்கொண்டு, கடைக்காரப் பெண்ணுக்கு இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டு நின்றேன். கழற்றும் கருவி ஒரு பக்கம் கவட்டையும் மறுபக்கம் ஊசியுமாக இருக்கும். மலிவானதை வாங்காதீர்கள், அதன் கவை தடிப்பானது, வழுக்கிக் கொம்பைக் கீறும். சுவிஸ் நாட்டு பேர்ஜோன் கருவி ஒன்று வாங்கினால் உங்கள் பிள்ளைகளுக்கும் உதவும்.

இனி வேலை. மேசையில் ஒரு துவாயை விரித்து, மணிக்கூட்டை முகம் கீழாக வையுங்கள். கொம்புகளின் உட்புறத்தில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். சில மணிக்கூடுகளில் கொம்பின் வெளிப்பக்கத்திலும் துளை இருக்கும். ஊசியால் அதற்குள் அழுத்தினால் போதும். இல்லாவிட்டால் கவையைப் பட்டிக்கும் கொம்புக்கும் இடையில் விட்டு, கம்பியின் தோளில் கொளுவி, உள்ளே தள்ளி மெல்ல மேலே கிளப்புங்கள். மறுகை விரல் கம்பிக்கு மேலேயே இருக்கட்டும், இல்லையென்றால் அது பறந்து சோபாவுக்கு அடியில் போய்விடும். என் மனைவி ஒரு வழி சொன்னா: மணிக்கூட்டையும் கைகளையும் தெளிவான பெரிய பிளாஸ்ரிக் பைக்குள் விட்டு வேலை செய்வது. அதற்குப் பிறகு ஒரு கம்பியும் தொலையவில்லை.

கழற்றிய இடத்தில் வருடக்கணக்கான வியர்வையும் ஊத்தையும் இருக்கும். பல்குத்தும் குச்சியால் துளைகளைத் துப்புரவாக்கி உலர்ந்த துணியால் துடையுங்கள். பழைய மணிக்கூட்டைத் தண்ணீரில் பிடிக்கவே வேண்டாம். பூட்டு உள்ள கட்டைப் பட்டி 12 மணிப் பக்கம், நீளமானது 6 மணிப் பக்கம். கம்பியின் ஒரு முனையை முதலில் துளைக்குள் விட்டு, மற்றதை அழுத்தி வழுக்கவிட்டால் ‘டிக்’ என்று கேட்கும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். துவாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு பட்டியை இழுத்தும், பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள்.

எல்லாவற்றிலும் கை வைக்கவும் கூடாது. ஓடமார் பிகே ரோயல் ஓக் போல உடலும் பட்டியும் சேர்ந்து அமைந்தவை, திருகாணி போட்டவை, உலோகச் சங்கிலியில் கண்ணி குறைக்கும் வேலை, இவையெல்லாம் கடைக்குரியவை. மாறாக, கார்த்தியே 2018இல் வெளியிட்ட புதிய சான்டோஸில் அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் பட்டி கழன்றுவரும், கருவியே தேவையில்லை.

பழைய பட்டியை எறிய முன்னர் அதன் பூட்டைப் பாருங்கள். கம்பனியின் சின்னம் பொறித்திருந்தால் அதைக் கழற்றிப் புதுப் பட்டியில் போடுங்கள். விற்கும்போது அதற்கும் மதிப்பு உண்டு. பூட்டின் அகலம் கொம்பின் அகலமல்ல, அதைத் தனியாக அளக்க வேண்டும். இன்னொன்று, முதலைத்தோல் பட்டியோடு மணிக்கூட்டை லண்டனுக்கோ பாரிசுக்கோ பார்சலில் அனுப்ப நினைத்தால், 1975 முதல் நடைமுறையிலுள்ள வனவிலங்கு வர்த்தக உடன்படிக்கைப்படி அனுமதிப் பத்திரம் தேவைப்படும். பட்டியைக் கழற்றிவிட்டு அனுப்புவது சுகம். கழற்றத்தான் இப்போது தெரியுமே.

போன கிழமை மகன் வந்து, “அப்பப்பான்ரை மணிக்கூட்டை நான் கட்டட்டோ, ரப்பர் பட்டி போட்டு?” என்று கேட்டான். ஒமேகாவுக்கு ரப்பரா என்று வாய்வரை வந்தது. 18 மில்லிமீற்றரில் கறுப்பு நிறம் ஒன்றும் இரண்டு புதுக் கம்பிகளும் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவனே மாற்றட்டும்.